சென்னையிலிருந்து டொராண்டோ: தூரம், நேரம், காகிதம், காசு

"சென்னை டு டொராண்டோ எத்தனை மணி நேரம்?" என்று இணையத்தில் தேடினால், பதினாறு மணி நேரத்துச் சொச்சம் என்று ஒரு விடை வரும். அதை நம்பி ஊரில் எல்லாருக்கும் சொல்லிவிடாதீர்கள். அது, தூரத்தை விமான வேகத்தால் வகுத்துக் கணினி போட்ட கணக்கு. அந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானமே கிடையாது. உண்மையில் நீங்கள் செலவழிக்கப் போவது 20 முதல் 30 மணி நேரம். அது 20 ஆக இருக்குமா 30 ஆக இருக்குமா என்பது டிக்கெட் எடுக்கும்போது நீங்கள் செய்யும் இரண்டு மூன்று முடிவுகளில்தான் இருக்கிறது.

முதல் முறை போகும் மாணவர்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், இவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. விசா விண்ணப்பம் நிரப்புவது தனிக் கதை. இங்கே பயணம் மட்டும்.

1. முதலில் தூரம்

பூமியின் வளைவைப் பிடித்துக்கொண்டு அளந்தால் சென்னை விமான நிலையத்திலிருந்து டொராண்டோ பியர்சன் விமான நிலையம் சுமார் 13,390 கி.மீ. மைலில் சொன்னால் 8,320. கடல் மைலில் 7,230. மூன்றும் ஒரே தூரம்தான். ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு அலகில் போடுவதால் "இந்த வழியில் தூரம் குறைவாக இருக்கிறதே" என்று பலர் ஏமாறுகிறார்கள்.

தட்டையான வரைபடத்தில் பார்த்தால் அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போவதுதான் நேர்வழி மாதிரி தெரியும். ஒரு உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, டெல்லிக்குச் சற்று மேற்கே கடந்து, ரஷ்யாவின் மேல் போய், கிரீன்லாந்தை ஒட்டி 73 டிகிரி அட்சரேகை வரை உயர்ந்து, பிறகுதான் டொராண்டோவுக்கு இறங்கும். அதனால்தான் டெல்லி வழியாகப் போனால் மொத்தத் தூரம் சுமார் 13,400 கி.மீ.; கூடுவது மிகச் சொற்பம். லண்டன் வழியாகச் சுமார் 13,940. துபாய் வழியாகச் சுமார் 14,010.

இந்த எண்களைப் பார்த்ததும் டெல்லி வழிதான் லாபம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். 600 கி.மீ. என்பது விமானத்துக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை. உங்கள் நேரத்தைத் தின்பது தூரம் அல்ல, நடுவே காத்திருப்பதுதான்.

போதாக்குறைக்கு, விமானங்கள் அந்த நூல் போன வழியில் போவதும் இல்லை. 2022 பிப்ரவரி முதல் ரஷ்ய வான்வெளி கனடா விமான நிறுவனங்களுக்கு மூடியிருக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. இப்படி மூடும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் எரிபொருள் நிரப்ப நடுவே இறங்கவும் நேரும். எனவே தூரக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நீங்கள் போகும் தேதிக்கு விமான நிறுவனம் போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

2. பறக்கும் நேரம்: கைக்கணக்கு

கிலோமீட்டரை 850 ஆல் வகுத்து, ஓடுபாதை, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்குமாக 40 நிமிடம் கூட்டுங்கள். துபாய்–டொராண்டோ 11,080 கி.மீ. வகுத்தால் 13 மணி. 40 நிமிடம் சேர்த்தால் 13 மணி 40 நிமிடம். கால அட்டவணையும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லும்.

திரும்பி வரும்போது நேரம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளும். லண்டனிலிருந்து டொராண்டோ சுமார் 8 மணி, டொராண்டோவிலிருந்து லண்டன் சுமார் 7 மணி. குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் பலமாக இருக்கும். "போகும்போது ஒரு மணி நேரம் கூட எடுத்தார்களே" என்று குழம்ப வேண்டாம்.

3. கடிகாரக் கணக்கு: அதிகம் பேர் சறுக்கும் இடம்

டிக்கெட்டில் இருக்கும் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். இந்தியா வருடம் முழுக்க ஒரே நேரம். டொராண்டோ அப்படி இல்லை: மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நம்மைவிட 9½ மணி பின்னால், மற்ற மாதங்களில் 10½ மணி பின்னால்.

ஒரு மாதிரி டிக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். ஜூலை மாதம் என்று வையுங்கள்.

சென்னை புறப்பாடு 21:45
துபாய் வருகை 00:30, மறுநாள்
துபாய் புறப்பாடு 03:30
டொராண்டோ வருகை 09:15

மேலோட்டமாகப் பார்த்தால் இரவு பத்து மணிக்குக் கிளம்பி காலை ஒன்பதுக்கு இறங்குவதுபோல, பதினோரு மணி நேரம் மாதிரி இருக்கும். டொராண்டோ 09:15 உடன் 9½ மணியைக் கூட்டுங்கள்: இந்திய நேரம் மாலை 6:45. முந்தைய இரவு 9:45 இலிருந்து எண்ணினால் 21 மணி நேரம். சரிபார்க்க: முதல் விமானம் 4:15, காத்திருப்பு 3:00, இரண்டாவது விமானம் 13:45. கூட்டினால் அதே 21. உங்கள் டிக்கெட்டையும் இப்படி ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கூட்டல் ஒத்துவரவில்லை என்றால், எங்கேயோ மறுநாளைக் குறிக்கும் "+1" என்ற சின்னக் குறியைப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அடுத்த பொறி நள்ளிரவு விமானம். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே கிளம்புகின்றன. டிக்கெட்டில் "15 ஆகஸ்ட், 00:40" என்று இருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14 ஆம் தேதி இரவு 9:30 மணிக்கு. 15 ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்றும் உண்டு. விமானம் ஏறக்குறைய ஒரு நாளைக்கு முன்பே போயிருக்கும், பணமும் திரும்பாது. தேதியை வீட்டுக்காரர்களிடம் சொல்லும்போது "14 ராத்திரி" என்றே சொல்லுங்கள்.

திரும்பும் பயணத்தில் ஒரு நாள் காணாமல் போகும். 10 ஆம் தேதி மதியம் டொராண்டோவில் ஏறினால் சென்னையில் இறங்குவது 11 இரவு அல்லது 12 அதிகாலை. 11 ஆம் தேதி காலை முகூர்த்தத்துக்கு 10 ஆம் தேதி டிக்கெட் எடுக்காதீர்கள்.

4. எந்த வழி?

வளைகுடா வழி (துபாய், அபுதாபி, தோஹா): நான்கு மணி நேரம், பிறகு பதினான்கு மணி நேரம். சென்னையிலிருந்து விமானங்கள் நிறைய. மாற்றும் நேரமும் பெரும்பாலும் ஒத்துவரும். குறை, அந்தப் பதினான்கு மணி நேரம் ஒரே இருக்கையில். இன்னொரு குறை, பிராந்தியத்தில் பதற்றம் வந்தால் வான்வெளி மூடிவிடுவது. 2025 ஜூன் 23 இரவு கத்தார் சில மணி நேரம் மூடியபோது உலகம் முழுக்க இணைப்பு விமானங்கள் குலைந்தன.

ஐரோப்பா வழி (லண்டன், பிராங்க்பர்ட்): பத்து பத்தரை மணி, பிறகு எட்டு எட்டரை மணி. பயணம் கிட்டத்தட்ட சமமாகப் பிரிவதால் மூட்டு வலி, சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு இதுதான் நல்லது என்பது என் கருத்து. நடுவே எழுந்து நடந்து, முகம் கழுவி, ஒரு காபி குடிக்கலாம்.

டெல்லி வழி: மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு, பிறகு பதினான்கரை மணிக்குக் குறையாமல். அந்நிய மண்ணில் மாற வேண்டியதில்லை, வழியில் விமானம் மாறுவதற்கான டிரான்சிட் விசாத் தொல்லையும் இல்லை. ஆனால் திரும்பும்போது பொதுவாக டெல்லியிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் போட வேண்டும். அதற்கு மூன்று மணி நேரமாவது வையுங்கள்.

எந்த வழியானாலும் காத்திருப்பு இரண்டரை முதல் நான்கு மணி நேரம் இருப்பது நல்லது. 70 நிமிடத்தில் மாறும் டிக்கெட்டையும் விற்பார்கள். விதிப்படி அது சரிதான். ஆனால் பெரிய விமான நிலையங்களில் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு, முனையம் மாற ரயிலோ பஸ்ஸோ ஏற வேண்டியிருக்கும். டொராண்டோவுக்கு நாளுக்கு ஒரு விமானம்தான் விடும் நிறுவனத்தில் அதைத் தவறவிட்டால் அடுத்தது 24 மணி நேரம் கழித்து.

5. ஒரே டிக்கெட்டாக எடுங்கள்

சென்னை முதல் டொராண்டோ வரை ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும், அடுத்ததில் அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் நேரே டொராண்டோ போகும்.

தனித்தனியாக எடுத்தால் பத்துப் பதினைந்தாயிரம் மிச்சமாகிற மாதிரி இருக்கும். சேர்த்துப் பார்த்தால் கை நஷ்டம்: நடு ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் விசா வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் குப்பை. டெல்லி வரை தனி டிக்கெட் எடுத்தாலும் இதே கதைதான்: உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான், நீங்கள் கொண்டுபோவது 46 கிலோ. மீதி 31 கிலோவுக்குக் கவுன்டரில் கேட்கும் தொகையில் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும்.

சில இணையதளங்களில் "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" (தனித்தனி டிக்கெட், மாறுவது உங்கள் பொறுப்பு) என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வார்த்தையைக் கண்டால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

6. நடு ஊருக்கு விசா வேண்டுமா?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு:

வளைகுடாவில், ஒரே டிக்கெட்டில் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் மாறினால் விசா தேவையில்லை.

லண்டனில் நமக்கு டிரான்சிட் விசா விதி உண்டு; ஆனால் செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால் உள்ளேயே மாறுவதற்கு விலக்கு உண்டு. கனடா விசாவின் காலாவதித் தேதியைத் திரும்பும் நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போகும்போது இருந்த விலக்கு, விசா முடிந்தபின் வரும்போது இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

ஐரோப்பாவில் ஒரு ஊரில் மட்டும் மாறுங்கள். சென்னை–பிராங்க்பர்ட்–பிரஸ்ஸல்ஸ்–டொராண்டோ மாதிரி ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) இரண்டு ஊர் வந்தால், நடுவிலுள்ள பயணம் உள்நாட்டுப் பயணம் மாதிரி. பிராங்க்பர்ட்டில் இமிக்ரேஷன் தாண்ட வேண்டும். அதற்கு முழு ஷெங்கன் விசா வேண்டும். சென்னை கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நியூயார்க், சிகாகோ வழி மலிவாகக் கிடைக்கும். அமெரிக்காவில் "உள்ளேயே மாறுவது" என்பதே கிடையாது. இரண்டு மணி நேரம் நின்றாலும் அமெரிக்க விசா வேண்டும். அது இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

7. பெயர்: தமிழர்களுக்கே உரிய தலைவலி

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த வரி காலியாக இருக்கும். அல்லது இனிஷியல் விரிந்து அப்பா பெயராக உட்கார்ந்திருக்கும். கனடா விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போடுவார்கள். டிக்கெட் தளமோ இரண்டு பெயரும் கேட்டு அடம்பிடிக்கும்.

இனிஷியலை நீங்களாக வெட்டவோ விரிக்கவோ கூடாது; பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்து அப்படியே. ஒற்றைப் பெயர் என்றால் எப்படி நிரப்புவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எனவே பணம் கட்டுவதற்கு முன் அவர்களையே கேளுங்கள். கட்டியபின் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் கட்டணம் வாங்குவார்கள், முழுப் பெயரை மாற்ற விடவே மாட்டார்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குத் துபாயில் இறங்கி ஊர் சுற்றும் திட்டம் வேண்டாம். 2022 நவம்பர் முதல் அவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை.

8. செலவு

கனடா பார்வையாளர் விசா 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. கைரேகை 10 வருடம் செல்லும்; ஏற்கெனவே கொடுத்தவர்கள் மறுபடி கட்டிவிடாதீர்கள். படிப்பு அனுமதி 150. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பெற்றோர் சூப்பர் விசாவில் (பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்குவதற்கான விசா) போனால் குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு, ஒரு வருடத்துக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். டிக்கெட் விலையைவிட இதுவே பெரிய செலவாக வரலாம், வயதைப் பொறுத்து ஏறும்.

டிக்கெட் ஆகஸ்ட் இரண்டாம் பாதியிலும் (கல்லூரி திறக்கும் நேரம்) டிசம்பர் நடுவிலும் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரி, அக்டோபர் பக்கம் இறங்கும். இரண்டு மூன்று மாதம் முன்பே பாருங்கள். ஆனால் விசா கைக்கு வருவதற்கு முன் பணம் திரும்பாத டிக்கெட்டை எடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு உறுதியான டிக்கெட் தேவையில்லை.

விலையை மட்டும் ஒப்பிடாமல், அந்த விலைக்கு எத்தனை பெட்டி, தேதி மாற்ற எவ்வளவு என்று சேர்த்துப் பாருங்கள். மிக மலிவான கட்டணத்தில் ஒரு பெட்டிதான் இருக்கும். மாணவர் கட்டணம் என்று சில நிறுவனங்கள் கூடுதல் பெட்டி தருகின்றன. கல்லூரி அனுமதிக் கடிதம் காட்ட வேண்டும்.

9. பெட்டி

கனடாவுக்குப் பெரும்பாலும் 23 கிலோ வீதம் இரண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. தாண்டக் கூடாது. 26 கிலோ ஒன்றும் 20 கிலோ ஒன்றுமாகக் கொண்டுபோய் "மொத்தம் 46 தானே" என்று வாதாடினால் நடக்காது. கவுன்டர் முன்னால் பெட்டியைத் திறந்து ஊறுகாயை இடம் மாற்ற வேண்டிவரும். வீட்டிலேயே 22½ இல் நிறுத்துங்கள்.

கசகசாவை எடுத்துவிடுங்கள். அம்மாக்கள் மசாலாப் பொட்டலத்தோடு வைத்துவிடுவார்கள். அமீரகத்திலும் கத்தாரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். பெட்டி நேரே டொராண்டோ போனால் தப்பலாம், இணைப்பு விமானம் தவறி வெளியே வர நேர்ந்தால் மாட்டிக்கொள்வீர்கள். கொப்பரைத் தேங்காயும் வேண்டாம். எளிதில் தீப்பிடிக்கும் என்று இந்திய விமான நிலையங்களிலேயே எடுத்துவிடுவார்கள். நெய், தொக்கு, குழம்பு எல்லாம் திரவக் கணக்கில் வரும், 100 மி.லி.க்கு மேல் கைப்பையில் போகாது.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணி. 100 வரை சரி. எமிரேட்ஸ் விமானத்தில் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், அதையும் விமானத்துக்குள் பயன்படுத்தக் கூடாது.

மருந்துகள் மருத்துவர் சீட்டோடு, கடை அட்டையிலேயே, கைப்பையில் இருக்கட்டும். கனடாவுக்குள் சொந்த உபயோகத்துக்கு 90 நாள் அளவு வரை கொண்டுபோகலாம்.

10. ஒரு வாரம் முன், ஒரு நாள் முன்

பெரியவர்களுக்கு வீல்சேர் 48 மணி நேரம் முன்பே கேட்டு வையுங்கள், கட்டணம் இல்லை. நடக்க முடிந்தவர்களும் முதல் முறை என்றால் கேட்கலாம். வழி தெரியாமல் அலைவது மிச்சம்.

சாப்பாட்டைக் குறைந்தது 24 மணி நேரம் முன் பதிவு செய்யுங்கள். "இந்து மீல்" என்பது சைவம் அல்ல; அதில் கோழியோ ஆட்டிறைச்சியோ வரும். சைவக்காரர்கள் "ஏஷியன் வெஜிடேரியன்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பெயர்க் குழப்பத்தில் பதினான்கு மணி நேரம் வெறும் பன்னைக் கடித்துக்கொண்டு போனவர்கள் ஏராளம்.

கனடா வருகை அறிவிப்பை இறங்குவதற்கு 72 மணி நேரத்துக்குள் அரைவ்-கேன் செயலியில் முன்கூட்டியே நிரப்பலாம். கட்டாயமில்லை, இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத் தளம் இல்லை.

சென்னையில் மூன்று மணி நேரம் முன்பு இருங்கள். பெட்டியில் ஒட்டும் டேகைக் கண்ணால் பாருங்கள்: கடைசி ஊர்க் குறியீடு ஒய்-ஒய்-இசட் (YYZ, அதாவது டொராண்டோ பியர்சன்) என்று இருக்க வேண்டும். நடு ஊரின் குறியீடு இருந்தால் அங்கேயே கேளுங்கள். பெட்டிச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

11. டொராண்டோவில்

மாணவர்கள் அறிமுகக் கடிதம் (படிப்பு அனுமதிக்கு ஒப்புதல் தந்து கனடா அரசு அனுப்பும் கடிதம்), கல்லூரி அனுமதி, பணச் சான்று ஆகியவற்றைக் கைப்பையில் காகிதமாக வைத்திருங்கள். போனில் சார்ஜ் போய்விடும். படிப்பு அனுமதி அங்கேதான் அச்சாகும். ஆகஸ்ட் கடைசியில் அந்த வரிசை இரண்டு மூன்று மணி நேரம் நீளலாம், அதனால் உடனே வேறு ஊருக்கு இணைப்பு விமானம் போடாதீர்கள். தாள் கைக்கு வந்ததும் நகர்வதற்கு முன் பெயர், பிறந்த தேதி, காலாவதி மூன்றையும் படியுங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிறதென்றால் அனுமதியும் அந்தத் தேதியோடு நின்றுவிடும். கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்வது உத்தமம்.

உணவுப் பொருள் இருந்தால் "ஆம்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால் போனால் ஒரு பொட்டலம் போகும். மறைத்தால் 1,300 கனடா டாலர் வரை அபராதம். கையில் 10,000 கனடா டாலர் மதிப்புக்கு மேல் பணம் இருந்தாலும் அறிவிக்க வேண்டும்.

நகரத்துக்கு யூ.பி. எக்ஸ்பிரஸ் ரயில் யூனியன் ஸ்டேஷன் வரை 25 நிமிடம். அது முதல் முனையத்திலிருந்து கிளம்புகிறது; மூன்றாவது முனையத்தில் இறங்கியவர்கள் இலவச இணைப்பு ரயிலில் அங்கே வரலாம். நான்கு பெட்டியோடு டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோ போகிறவர்களுக்கு ரயில் சரிப்படாது, யாரையாவது வரச் சொல்லுங்கள்.

12. பெட்டி வரவில்லை, விமானம் தாமதம்

பெட்டி வராவிட்டால், பெட்டி எடுக்கும் மண்டபத்தை விட்டு வெளியேறும் முன் புகார் எழுதி எண் வாங்குங்கள். உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். அதற்குமேல் போனால் கதவு சாத்தப்படும்.

தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டு. கனடாவுக்கு வரும், கனடாவிலிருந்து போகும் விமானங்களில், தவறு நிறுவனத்தின் கையில் இருந்து, பாதுகாப்புக் காரணமாகவும் இல்லாவிட்டால், பெரிய நிறுவனங்கள் 3 மணி நேரத் தாமதத்துக்கு 400, 6 மணிக்கு 700, 9 மணிக்கு மேல் 1,000 கனடா டாலர் தர வேண்டும்; ஒரு வருடத்துக்குள் கேட்கலாம். பிராங்க்பர்ட்டிலிருந்து டொராண்டோ கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனமானாலும் ஐரோப்பிய விதிக்குள் வரும்: 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 600 யூரோ. கவுன்டரில் உணவுச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடப் பார்ப்பார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள், நஷ்டஈட்டு உரிமை அதனால் போகாது. ஆனால் "இனி எதுவும் கோரமாட்டேன்" என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருங்கள்.